நீட்டிய கை

"மாஸ்டர், நான் நீஞ்ச வந்தேனா, கஞ்சி குடிக்க வந்தேனா?"

நீச்சல்குளத்தின் நடுவில் மிதந்தபடி பிரமநாயகம் கேட்டார். வாயோரம் கஞ்சி ஒழுகியது.

ஜெனோவா ஒரு லாரி டியூபில் உட்கார்ந்து அவருக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தாள். மடியில் ஒரு சிலேட்டு. அதில் 2.10 என்று எழுதியிருந்தது. இரண்டு மணி பத்து நிமிடம்.

அவள் ஈரக் கையால் அதைத் துடைத்தாள்.

"அடுத்த திங்கக்கெழம வாங்க அண்ணாச்சி."

"நான் என்ன செஞ்சேன்?"

"பாட்டில வாங்குறப்போ என் வெரலத் தொட்டீக."

"நீங்கதான குடுத்தீய!"

"ஆமா, குடுத்தேன்" என்றாள் ஜெனோவா. டியூபைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பிரமநாயகம் நடுக்குளத்தில் தனியாக நின்றார். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு யோசனையும் வந்தது. இந்தப் பெண் என்னதான் சொல்ல வருகிறாள்?

*

பிரமநாயகத்துக்கு நாற்பத்தாறு வயது. திருநெல்வேலியில் பேருந்து நிலையத்து டைம் கீப்பர். இருபத்திரண்டு வருடமாகக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுகிறவர்.

மாஸ்டருக்கு முப்பது வயது. சொந்த ஊர் பாம்பன். முன்பு அந்தக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர், அதனால் பின்னால் வந்தவளும் மாஸ்டர். ஊர் அப்படித்தான். நாற்காலிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் உட்கார்ந்தாலும் அதுதான் பெயர்.

முதல் நாள் அவர் வந்து நின்று சொன்னார்.

"தலைமன்னார்லேருந்து தனுஷ்கோடிக்கு நீஞ்சணும் மாஸ்டர்."

"முப்பது கிலோமீட்டரு அண்ணாச்சி."

"தெரியும்."

"எதுக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"எங்க ஸ்டாண்டுல போற வண்டியெல்லாம் திரும்பி வந்துரும். அதத்தான் இத்தன வருசமா எழுதிக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு தரம், போனா போன எடத்துல போய்ச் சேரணும்னு இருக்கு."

பத்திரிகையில் படம், மெடல், பெயர் என்று ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவள் போய்ச் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு நாட்டு அனுமதிக்கு அவர் எழுதிப்போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்தால் ஒரே ஒரு நாள் கொடுப்பார்கள். அந்த நாளும், மாஸ்டரிடமிருந்து ஒரு கடிதம் போனால்தான் செல்லும். இவர் எட்டு மணி நேரம் விடாமல் நீந்தினார், எதையும் தொடவில்லை, யாரையும் தொடவில்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். மாசி முடிவதற்குள் கடிதம் நீச்சல் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

குளத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் எட்டு மணி நேரம் யாரும் குறுக்கே வராமல் நீந்த முடியும். மாசி முடிய எட்டுத் திங்கட்கிழமை இருந்தது.

முதல் திங்கள் நாற்பதாவது நிமிடத்தில் போயிற்று. சுவர் வந்தது, தொட்டார், காலால் உதைத்துத் திரும்பினார். குளத்தில் பழகியவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஜெனோவா சிலேட்டைத் துடைத்தாள்.

இரண்டாவது திங்கள் கஞ்சியில் போயிற்று.

*

மூன்றாவது திங்கள் அவர் எச்சரிக்கையாக இருந்தார். சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே திரும்பினார். கஞ்சிப் பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசச் சொன்னார். மூன்று மணி நேரம் ஆயிற்று.

டியூப் பக்கத்தில் வந்தது.

"நல்லா நீஞ்சினீக அண்ணாச்சி. இன்னைக்குப் போதும். வாங்க" என்று ஜெனோவா கையை நீட்டினாள்.

அவர் பிடித்துக்கொண்டார்.

அவள் மற்றொரு கையால் சிலேட்டைத் துடைத்தாள்.

"போதும்னு நீங்கதான சொன்னீய!"

"சொன்னேன்."

"மாஸ்டர் சொன்னாக் கேக்கணுமா, கேக்கக்கூடாதா?"

"வாய் சொன்னதக் கேளுங்க. கை நீட்டுனதுக்கு எதுக்கு வந்தீக?"

பிரமநாயகம் வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போனது.

இருமி முடித்துவிட்டு அவர் நியாயம் பேசினார். "கடல்ல படகத் தொட்டா, படகுல உள்ளவங்களத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. ஏத்திக்கிட்டுத் திரும்பிருவாங்க. அந்தச் சட்டம் எனக்குத் தெரியும் மாஸ்டர். அச்சடிச்சது என்கிட்ட இருக்கு. கடல்ல நான் தொடவே மாட்டேன்."

"சட்டம் ஒங்களுக்குத் தெரியும்" என்றாள் ஜெனோவா. "ஒங்க கைக்குத் தெரியுமா?"

*

அன்று சாயங்காலம் பிரமநாயகம் தன் கையைப் பார்த்தார்.

செங்கோட்டை வண்டி வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். பிரமநாயகம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலை குனிந்தே இருந்தது. இடது கை மட்டும் தானாக எழுந்து, ஜன்னலுக்குப் போய், சீட்டை வாங்கிக்கொண்டு வந்தது.

அவர் திடுக்கிட்டார். தன்னை யாரும் கேட்கவே இல்லை!

அடுத்து நாகர்கோவில் வண்டி. அடுத்து பாபநாசம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை அவருக்கு முன்னால் புறப்பட்டது. ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு. இருபத்திரண்டு வருடம். பழக்கம் பொல்லாதது, பாறை மேலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் அவர் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தென்காசி வண்டிக் கண்டக்டர் சீட்டை நீட்டினார். நீட்டிய சீட்டு அந்தரத்தில் நின்றது.

"என்ன அண்ணாச்சி, கோவமா?"

"ஒரு கோவமும் இல்ல. அங்கனயே வைங்க. பொறவு வாங்கிக்கிடுதேன்."

"கைல வலியா?"

"வலியும் இல்ல. வைங்கன்னா வைங்க."

இரண்டு நாளில் ஸ்டாண்டு முழுவதும் செய்தி பரவியது. டைம் கீப்பருக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்.

வீட்டிலும் அதே கதை. மனைவி வேலம்மாள் காப்பியை நீட்டினாள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, காப்பி ஆறுது."

"கீழ வையி. பொறவு எடுத்துக்கிடுதேன்."

"என்ன, கோயிலுக்கு நேந்திருக்கீயளா?"

"கைய அடக்கிப் பாக்கேன்."

"இத்தன வருசத்துல அடக்காத கையவா இப்ப அடக்கப்போறீய" என்று வேலம்மாள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

*

நான்காவது திங்கள் நாலரை மணி நேரம். ஜெனோவா நாலு தடவை கையை நீட்டினாள். மூன்று தடவை தப்பினார்.

ஐந்தாவது திங்கள் ஐந்து மணி நேரம் ஆனபோது அவள் குளத்துக்கு வெளியே போய்விட்டு ஓடி வந்தாள். கையில் ஒரு கவர். டியூபில் தாவி ஏறி, கைகளால் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"அண்ணாச்சி! அனுமதி வந்துட்டு! பங்குனி பத்தொம்பது!"

"நெசமாவா?"

"இதோ பாருங்க. சீல் குத்தி வந்திருக்கு. கையக் குடுங்க!"

அவர் கொடுத்தார். இரண்டு கையையும் கொடுத்தார்.

குலுக்கிவிட்டு அவள் சிலேட்டைத் துடைத்தாள்.

பிரமநாயகத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் நீச்சல்குளத்தில் அழுதால் அதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

"இது அநியாயம் மாஸ்டர். அந்தக் கவரு பொய்யா?"

"இல்ல. நெசம்."

"நல்ல சேதி சொல்லிக் கை நீட்டுனா, அதயுமா வாங்கக்கூடாது?"

"நல்ல சேதிக்குத்தான் கை சீக்கிரம் வருது" என்றாள் ஜெனோவா.

*

ஆறாவது திங்கள் ஆறு மணி நேரம். கண் எரிச்சலில் சுவரைத் தொட்டுவிட்டார்.

ஏழாவது திங்கள் அவர் வேறு ஆளாக இருந்தார். ஜெனோவா கை நீட்டியபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போனார். ஏழு மணி நேரம் ஆயிற்று. சிலேட்டில் 7.00 என்று எழுதும்போது ஜெனோவாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

அந்த நேரம் வேலம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

தண்ணீரில் கணவனைப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்து, கை விரல் எல்லாம் சுருங்கி, வேறு யாரோ போல இருந்தார். தூக்கை அப்படியே கீழே வைத்தாள். விளிம்பில் மண்டியிட்டாள்.

"ஏங்க, என்ன கோலம் இது! போதும் வந்திருங்க. எனக்குப் பயமா இருக்கு" என்று கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி ஜெனோவாவைப் பார்த்தார்.

ஜெனோவா சிலேட்டைத் துடைக்கவில்லை. வேலம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் துடைத்தாள்.

"இவளயும் நீங்கதான் வரச் சொன்னீயளா?"

"இல்ல அண்ணாச்சி. அவுக தானாத்தான் வந்தாக."

"பாசத்துல நீட்டுன கைய எப்படி மாஸ்டர் வேண்டாங்கறது?"

அவள் டியூபைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பதில் அவளுக்கும் தெரியவில்லை என்றுதான் அவருக்குப் பட்டது.

*

குளத்துக்கு மோட்டார் போடும் செல்லையா, திங்கட்கிழமைகளில் சுற்றுத் தரையைத் தேய்த்துக் கழுவுவார். ஏழு வாரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஜெனோவா போனபிறகு விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு பிரமநாயகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாஸ்டரு மேல கோவப்படாதீய அண்ணாச்சி. அந்தப் புள்ளையே அந்தக் கடல நீஞ்சுன புள்ளதான்."

"அப்படியா? சொல்லவே இல்லயே!"

"எப்படிச் சொல்லும்? போய்ச் சேரலியே. நாலு வருசம் ஆச்சு. அவ அப்பா படகுதான் கூடப் போச்சு. அவருக்குப் படகுதான் தொழிலு. தனுஷ்கோடி மணலு கண்ணுக்குத் தெரியுது. இன்னுங் கொஞ்சந்தான். இந்தப் புள்ள வாந்தி எடுத்துக்கிட்டு, அழுதுக்கிட்டு நீஞ்சுது. அப்பன் பாத்தாரு. பெத்த மனசு. கைய நீட்டிட்டாரு."

"இவங்க?"

"புடிச்சிருச்சு."

பிரமநாயகம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னையிலேருந்து அப்பன்கிட்ட பேச்சு கெடையாது. ஊர விட்டு இங்கன வந்துட்டு" என்றார் செல்லையா. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

மறுநாள் காலை பிரமநாயகம் குளத்துக்கு வந்தார். அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆவல் அடங்கவில்லை.

"மாஸ்டர், எனக்குக் கூட வரப்போறது யாரு படகு?"

"எங்க அப்பா படகு."

"அவருகிட்டதான் பேசமாட்டீயளாமே?"

"பேசமாட்டேன்."

"பொறவு எப்படி?"

"அந்தக் கடல அவரு அளவுக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. ஒங்களுக்கு நல்ல படகு வேணுமா, எனக்குப் பேச்சு வேணுமா?"

"உங்களுக்கு இன்னமும் அவரு மேல கோவமா?"

ஜெனோவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதுபோல நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அவரு கைய நீட்டாம இருந்திருந்தா நான் போய்ச் சேந்திருப்பேன் அண்ணாச்சி. எம்மேல அவருக்கு நம்பிக்கை இல்ல. இருந்திருந்தா நீட்டியிருக்க மாட்டாரு."

பிரமநாயகம் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

*

எட்டாவது திங்கள். காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்.

வேலம்மாள் வந்திருந்தாள். தூரத்தில் ஒரு நாற்காலியில், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே கட்டிக்கொண்டாள்.

ஜெனோவா ஒன்பது தடவை கை நீட்டினாள். ஒன்பது தடவையும் அவர் ஒதுங்கிப் போனார்.

ஏழே கால் மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முகம் கோணியது. தண்ணீருக்குள் ஒரு தடவை முங்கி எழுந்தார்.

டியூப் வேகமாக வந்தது. "பிடிங்க அண்ணாச்சி!"

அவர் மல்லாந்து மிதந்தார். தன் கால் பெருவிரலைத் தானே பிடித்து இழுத்தார். வலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டாண்டு ஜன்னலில் சொல்வதுபோலவே சொன்னார்.

"அங்கனயே வைங்க மாஸ்டர். பொறவு வாங்கிக்கிடுதேன்."

மதியம் இரண்டு மணிக்கு ஜெனோவா சிலேட்டில் 8.00 என்று எழுதினாள். துடைக்கவில்லை. அன்றைக்கே கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

*

பங்குனி பத்தொன்பது. தலைமன்னார்.

இன்னும் விடிந்து முடியவில்லை. பிரமநாயகம் உடம்பெல்லாம் வாஸ்லின் களிம்பைப் பூசிக்கொண்டு மணலில் நின்றார். இடுப்பளவு தண்ணீரில் நாட்டுப்படகு நின்றது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஜெனோவாவின் அப்பா மிக்கேல் உட்கார்ந்திருந்தார். சங்கத்து ஆள் ஒருவர் நோட்டும் கடிகாரமுமாக ஏறிவிட்டார்.

ஜெனோவா தண்ணீரில் நடந்து படகுக்குப் போனாள். மிக்கேல் குனிந்து கையை நீட்டினார்.

அவள் பார்க்காதது போலப் படகின் விளிம்பைப் பிடித்து எம்பி, தானே ஏறினாள்.

மிக்கேல் நீட்டிய கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைச் சொறிந்துகொண்டார்.

அப்பாவும் மகளும் சங்கத்து ஆள் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"மூணு மணிக்கு மேல நீரோட்டம் திரும்பும்னு சொல்லுங்க சார்" என்றார் மிக்கேல்.

"எனக்கும் தெரியும்னு சொல்லுங்க சார்" என்றாள் ஜெனோவா.

சங்கத்து ஆள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நோட்டில் ஐந்து முப்பது என்று எழுதினார். பிரமநாயகம் கடலில் இறங்கினார்.

கடல் முதலில் சாதுவாக இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை கயிற்றில் கட்டிய கஞ்சிப் பாட்டில் வந்தது. குடித்தார், விட்டார், நீந்தினார். கீழே குளத்துத் தரையின் கறுப்புக் கோடு இல்லை, எதிரே சுவர் இல்லை. பச்சைத் தண்ணீர் மட்டும்தான். இது எங்கே முடியும் என்று கீழே கீழே பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது.

பதினோரு மணிக்குச் சொறிமீன் என்கிற ஜெல்லி மீன் கழுத்தில் இழுத்துவிட்டுப் போனது. தீ வைத்தது போல எரிந்தது. கத்தினார். ஆனால் நிற்கவில்லை.

இரண்டு மணிக்குத் தனுஷ்கோடி மணல் தெரிந்தது. மெல்லிசாக, வெள்ளையாக, ஒரு கோடு.

இரண்டரைக்கு நீரோட்டம் திரும்பியது. அரை மணி முந்திவிட்டது.

அதற்கப்புறம் அந்தக் கோடு பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. அவர் நீந்தினார். கோடு அங்கேயே இருந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே போனது. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தார். மறுபடி குடித்தார். அதையும் எடுத்தார். உதடு நீலமாகிவிட்டது.

"எடுத்துரலாமா?" என்று சங்கத்து ஆள் கேட்டார். "மாஸ்டர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

ஜெனோவா படகின் ஓரத்தில் மண்டியிட்டாள். குனிந்து கையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, போதும். ஏறிருங்க."

பிரமநாயகம் நின்றார். அந்தக் கை அவர் முகத்துக்கு அரை முழத்தில் இருந்தது. அவளுடைய கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

அவர் இடது கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. எழவில்லை.

வெடித்த உதட்டோடு அவர் சிரித்தார்.

"அங்கனயே வைங்க மாஸ்டர். பொறவு வாங்கிக்கிடுதேன்."

முகத்தைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு நீந்தத் தொடங்கினார்.

நீட்டிய கை படகுக்கு வெளியே அப்படியே நின்றது. அதை உள்ளே எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் மிக்கேல் அந்தக் கையைப் பார்த்தார். சுக்கானைச் சற்றே தெற்கே திருப்பினார். படகு நீரோட்டத்தோடு சண்டை போடாமல் சரிவாகப் போனது. படகைப் பார்த்துக்கொண்டு நீந்தியவரும் சரிவாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோடு தடித்தது. அப்புறம் அது மணல் ஆயிற்று. மணலில் ஒரு நாய் நின்றது.

*

தண்ணீரை விட்டுத் தானாக நடந்து வெளியே வர வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. அதுவும் சட்டம்.

பிரமநாயகம் எழுந்தார், விழுந்தார். நாலு காலில் தவழ்ந்தார். மறுபடி எழுந்தார். அலை தொடாத காய்ந்த மணலில் இரண்டு காலையும் வைத்தார்.

"நாலு இருவது" என்று சங்கத்து ஆள் கத்தினார். "பத்து மணி அம்பது நிமிசம்!"

டைம் கீப்பர் அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜெனோவா படகிலிருந்து குதித்து, தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அவர் இடது கையை நீட்டினார்.

"இப்பக் குடுங்க மாஸ்டர்."

அவள் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கடேசியா ஒண்ணு நீட்டுனீயளே, எம்மாடி! கண்ணுல தண்ணியெல்லாம் வச்சிக்கிட்டு! வேற எவனா இருந்தாலும் நெசம்னு நம்பிப் புடிச்சிருப்பான். நான் ஏமாந்தனா பாத்தீயளா?"

ஜெனோவா மணலைப் பார்த்தாள்.

"அது சோதன இல்ல அண்ணாச்சி."

"பொறவு?"

"நெசமாத்தான் நீட்டுனேன்."

பிரமநாயகத்தின் சிரிப்பு நின்றது. நாய் வந்து அவர் காலை முகர்ந்தது.

"அப்போ நான் போய்ச் சேருவேன்னு உங்களுக்கு நம்பிக்கை இல்லையா மாஸ்டர்?"

"இருந்துச்சு" என்றாள் ஜெனோவா. "நம்பிக்கை இருந்துச்சு அண்ணாச்சி. இருந்தும் கை போயிருச்சு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தான் சொன்னதைத் தானே கேட்டது போல இருந்தது அவள் நின்றது.

பிறகு அவர் கையை விட்டாள். திரும்பி நடந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் படகு ஆடிக்கொண்டிருந்தது. மிக்கேல் இதிலெல்லாம் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் விளிம்புக்கு வந்ததும் நிமிர்ந்தார். கையை நீட்டினார். பாதி நீட்டியதும் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அவள் விளிம்பைப் பிடிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் நீட்டுங்கப்பா. எட்டல."